ஒரே ஆப்பிள், இரண்டு பாட்டு: குர்து காதல் பாடல்களை எப்படிக் கேட்பது

குர்து இசை பற்றி எழுத உட்காருகிறவர்கள் பெரும்பாலும் ஒரே முடிவுக்குத்தான் வந்து சேர்கிறார்கள். பாட்டில் வருகிற காதலி உண்மையில் பெண்ணே இல்லை, அவள்தான் குர்திஸ்தான். நாடில்லாத மக்களின் ஏக்கம் காதல் வேடம் கட்டி வருகிறது. மலை என்றால் சுதந்திரம், கௌதாரி என்றால் போராளி. கேட்க நன்றாகத்தான் இருக்கிறது. ஆனால் துருக்கி, இராக், ஈரான், சிரியா என்று நான்கு நாடுகளில் பிரிந்து கிடக்கிற மூன்று கோடிக்குக் குறையாத மக்கள், குர்மாஞ்சி, சோரானி, ஹவ்ராமி, ஸாஸாகி என்று ஒருவர் பேசினால் இன்னொருவருக்குச் சட்டென்று பிடிபடாத பேச்சுகளில், பல தலைமுறைகளாகப் பாடி வந்ததை எல்லாம் ஒரே அர்த்தத்துக்குள் அடைப்பது, சொல்லப்போனால், சோம்பேறித்தனம்.

இந்தப் பாடல்களுக்குக் குறியீட்டு அகராதி ஒன்றைத் தயாரித்தால் அது பாதி வேலைக்குக்கூட ஆகாது என்பதுதான் என் கட்சி. ஆப்பிள் என்றால் இது, கௌதாரி என்றால் அது என்று வரிசையாக எழுதி வைத்துக்கொள்ளலாம், ஆனால் அதே ஆப்பிள் ஒரு பாட்டில் ஆசையாகவும் இன்னொரு பாட்டில் பறிகொடுத்த வாழ்க்கையாகவும் வரும். எது எங்கே என்று சொல்வது வார்த்தையை விடப் பாட்டின் உருவம்தான்: தாளம் இருக்கிறதா இல்லையா, குரல் எங்கே தொடங்கி எங்கே இறங்குகிறது, பாடுவது ஆணா பெண்ணா, யாரை நோக்கி. அதனால் இசையில் தொடங்கி அப்புறம் குறியீட்டுக்குப் போவதுதான் சரியான வழி.

குர்மாஞ்சி பேசுகிற வடக்குப் பகுதியில் பாட்டை இரண்டாகப் பிரிப்பார்கள். ஒன்று கிலாம், இன்னொன்று ஸ்த்ரான். இந்தப் பெயர்கள் ஊருக்கு ஊர் கொஞ்சம் இடம் மாறும், சில இடங்களில் ஒன்றையே இரண்டுக்கும் சொல்வார்கள், ஆனாலும் பிரிவு என்னவோ எங்கேயும் உண்டு. ஸ்த்ரான் தாளத்தோடு வருவது, ஆட்டத்துக்கு உரியது, வரிகள் அளவாக, பெரும்பாலும் ஏழெட்டு அசையில் முடியும். கிலாமுக்குத் தாளம் கிடையாது. ஆர்மீனியாவில் இருக்கிற யாசிதிகளிடம், அதாவது குர்மாஞ்சி பேசுகிற தனி மதத்தாரிடம், இந்தப் பிரிவு இன்னும் கூர்மையாக இருக்கிறது. மகிழ்ச்சிக்கு உரியதைத்தான் அவர்கள் பாட்டு என்பார்கள், துக்கத்தை மெட்டில் சொல்வது அவர்கள் கணக்கில் பாட்டு இல்லை, பேச்சு.

கிலாம் பாடுகிறவரைத் தெங்பேஜ் என்கிறார்கள். துருக்கியின் தியார்பக்கிரில் பழைய கல்வீடு ஒன்றை 2007இல் தெங்பேஜ் இல்லமாகத் திறந்தார்கள், அங்கே பாடுகிறவர்கள் சுவரோரமாக உட்கார்ந்து முறை வைத்துப் பாடுவார்கள், பெரும்பாலும் வயதானவர்கள். பக்கவாத்தியம் எதுவும் இருக்காது. ஒரு கையைக் காதோடு ஒட்டி வைத்துக்கொண்டு மூச்சை இழுத்து, எடுத்த எடுப்பிலேயே குரலின் உச்சியில் போய் நிற்பார். அங்கே கிட்டத்தட்ட ஒரே சுரத்தில் வார்த்தைகள் கொட்டும், ஒரு வரி நீளம், அடுத்தது குட்டை, அதற்கடுத்தது அதைவிட இரண்டு மடங்கு, ஆனால் எல்லா வரியும் ஒரே இயைபில் முடியும், மூச்சு தீரும் வரை அந்த அடுக்கு போய்க்கொண்டே இருக்கும். அப்புறம் குரல் படிப்படியாக இறங்கி ஆதார சுரத்துக்கு வந்து, அங்கே ஒரு நீண்ட கார்வை, லேசான நடுக்கத்தோடு. நிறுத்தம். மறுபடி உச்சியிலிருந்து. மொத்தப் பாட்டும் நான்கைந்து சுரத்துக்குள் முடிந்துவிடுவது சாதாரணம்.

ஆலாபனை கேட்டுப் பழகிய காதுக்கு இது முதலில் தலைகீழாகத் தோன்றும். நாம் கீழே தொடங்கி மெல்ல மெல்ல மேலே ஏறுவதை எதிர்பார்ப்போம், இவர்கள் மேலே தொடங்கி விழுகிறார்கள், ஒவ்வொரு அடுக்கிலும் விழுகிறார்கள். கதறி அழுகிறவரின் குரல் போகிற வழியும் இதுதான், ஒப்பாரியும் இப்படித்தான் இறங்கும். அதனால் ஒரு காதல் பாட்டு கிலாமாகப் பாடப்படுகிறது என்றாலே, சொல் வருவதற்கு முன்னாலேயே அந்தக் காதல் முடிந்துபோனது என்று கேட்கிறவருக்குத் தெரிந்துவிடும்.

மெட்டு விஷயத்தில் ஒரு சின்னக் குழப்பத்தைத் தீர்த்துவிடலாம். அரபு, துருக்கி இசைகளில் 'குர்து' என்ற பெயரிலேயே ஒரு மகாம், அதாவது நம் ராகம் மாதிரி ஒன்று, இருக்கிறது, அதன் சுர வரிசை நம் ஊர்த் தோடியினுடையதேதான். பெயரை வைத்துக் குர்து பாட்டெல்லாம் அதில்தான் இருக்கும் என்று நினைத்துவிடக் கூடாது. கிராமத்துப் பாடல்களில் அதிகம் கேட்பது பயாத்தி, ஹுசைனி என்கிற மகாம்களின் குடும்பம். அதன் இரண்டாம் சுரம் சுத்த ரிஷபத்துக்கும் சதுஸ்ருதி ரிஷபத்துக்கும் நடுவில் எங்கேயோ நிற்கும். ஆர்மோனியத்தில் தேடினால் அந்தச் சுரத்துக்குக் கட்டை கிடையாது.

இப்போது ஸ்த்ரான் பக்கம். இது கோவெந்த் ஆட்டத்தோடு சேர்ந்தது. சோரானிக்காரர்கள் ஆட்டத்தை ஹல்பர்க்கே என்பார்கள். வரிசையாக நின்று பக்கத்தில் இருப்பவரின் சுண்டு விரலையோ கையையோ கோத்துக்கொண்டு, தோளோடு தோள் ஒட்டி, அரை வட்டமாக நகர்வார்கள், முதலில் நிற்பவர் கைக்குட்டையைச் சுழற்றுவார். ஊதுவதற்கு ஸுர்னா, அடிக்கத் தஹோல், அதுவும் இல்லாத இடத்தில் வெறும் குரல். வெறும் குரல் என்றால் ஆடுகிறவர்களே இரண்டு அணியாகப் பிரிவார்கள், ஒரு அணி ஒரு வரியைப் பாடும், அடுத்த அணி அதையே திருப்பிப் பாடும், அதற்குள் முதல் அணிக்கு மூச்சும் கிடைக்கும், அடுத்த வரியை யோசிக்க நேரமும் கிடைக்கும். புது வரியை அந்த இடத்திலேயே கட்டுகிறவர்கள் உண்டு. எதிர் வரிசையில் இருக்கிற ஒருத்திக்கு மட்டும் புரிகிற மாதிரி ஒரு அடையாளத்தைச் செருகி, அதை ஊரே திருப்பிப் பாடும்படி செய்வதில் இருக்கிற குறும்பைக் கவனியுங்கள்.

ஆணும் பெண்ணும் மாறி மாறி நிற்கிற வரிசைக்கு ஈரானின் சனந்தாஜ் பக்கம் ஒரு பெயர் வைத்திருக்கிறார்கள்: கோதுமையும் பார்லியும். குடும்பத்துக்கு வெளியே ஒரு இளைஞனும் ஒரு பெண்ணும் எல்லோர் கண் முன்னாலும் விரல் கோத்து நிற்க முடிகிற இடம் பல ஊர்களில் இந்த வரிசை மட்டும்தான். ஸ்த்ரான் பாடல்களில் உடல் இவ்வளவு வெளிப்படையாக வருவதற்கு இதுவும் காரணம் என்று நினைக்கிறேன். மார்பை ஆப்பிள் என்றும் மாதுளை என்றும் பாடுவது அங்கே யாரையும் நெளிய வைப்பதில்லை, பாட்டி முதல் பேரன் வரை அதே வரியைத்தான் பாடுகிறார்கள்.

ஆப்பிளுக்கு வருவோம். குர்து கல்யாணத்தில் மணப்பெண் மாப்பிள்ளை வீட்டு வாசலுக்கு வந்து சேரும்போது, மாப்பிள்ளை தோழர்களோடு கூரையின் மேல் நிற்பான், தட்டையான மண் கூரை, அங்கிருந்து ஒரு ஆப்பிளை அவள் தலையைக் குறிவைத்தோ தலைக்கு மேலாகவோ எறிவான். சில ஊர்களில் மாதுளை, சில ஊர்களில் மிட்டாய். யாசிதிகளிடமும் இந்த வழக்கம் உண்டு, அவர்களோடு கூடவே வாழ்ந்த கிறிஸ்தவர்களிடமும் உண்டு. இதைத் தவிர இன்னொரு ஆப்பிள் இருக்கிறது, எனக்கு மிகவும் பிடித்தது: கிராம்பு குத்திய ஆப்பிள். பெண், ஆப்பிளின் தோல் முழுக்கக் கிராம்பை ஒவ்வொன்றாகக் குத்தி, இடைவெளி தெரியாமல் நிரப்பி, தான் விரும்புகிறவனுக்குக் கொடுத்தனுப்புவாள். இப்படிச் செய்த ஆப்பிள் அழுகாது. சுருங்கி, காய்ந்து, மணத்தோடு நெடுநாள் இருக்கும். கிராம்பு அந்த மலைகளில் விளைவதில்லை, வணிகர்கள் தூரத்திலிருந்து கொண்டு வந்தது, பெண்கள் அதை ஊறவைத்துக் கோத்து மாலையாகக் கழுத்தில் போட்டுக்கொள்கிற வழக்கமும் இருந்தது. ஆக, அந்த ஆப்பிளில் அவள் கழுத்தின் வாசனையே இருக்கும். வார்த்தை ஒன்றும் எழுத வேண்டாம், எழுதத் தெரிந்திருக்கவும் வேண்டாம்.

ஆட்டப் பாட்டில் ஆப்பிள் வந்தால் கைக்கு எட்டுகிற ஆப்பிள், இன்னும் கொஞ்ச நாளில் கூரையிலிருந்து எறியப்படப் போகிற ஆப்பிள். அதே ஆப்பிள் கிலாமில் வந்தால் பெரும்பாலும் வேறு யார் கைக்கோ போய்விட்ட ஆப்பிள். பணத்துக்காகக் கிழவனுக்குக் கட்டி வைக்கப்பட்ட பெண் அப்பாவைச் சபித்துப் பாடுகிற கிலாம்கள் ஏராளம், சித்தப்பா மகனுக்குத்தான் முதல் உரிமை என்ற வழக்கத்தால் பிரிக்கப்பட்டவர்களின் கிலாம்கள் அதைவிட ஏராளம். அங்கே பெண் தன் மார்பைப் பற்றியே பாடுவாள், யாருக்காக வளர்த்தேன், யார் கையில் விழுந்தது என்று. இயைபு அடுக்கு அடுக்காக விழும்போது அந்த வரி வந்து இறங்கும் இடம் ஆதார சுரம். எழுத்தில் பார்த்தால் இரண்டு ஆப்பிளும் ஒன்றுதான்.

கௌதாரிக்கும் இதே கதைதான். கெவ் என்று அவர்கள் சொல்கிற பறவை, சிவந்த அலகும் சிவந்த காலும் கண்ணைச் சுற்றிக் கறுப்புக் கோடுமாக, மை தீட்டிய பெண் மாதிரியே இருக்கும், குறுநடை போட்டுப் பாறை மேல் ஏறும். காதலியின் நடைக்கு அதைவிட்டால் வேறு உவமை இல்லை. ஆனால் மலைக்காரர்களுக்கு அதைப் பற்றி இன்னொன்றும் தெரியும்: கூண்டில் அடைத்த பார்வைக் கௌதாரியை வேட்டைக்காரன் பாறை மறைவில் வைப்பான், அது கூப்பிடும், கூப்பிட்ட குரலுக்கு வருகிற சொந்த இனமே வலையில் மாட்டும். அதனால் தன் ஆளையே காட்டிக்கொடுக்கிறவனுக்கும் கௌதாரிதான் பெயர். காதல் கிலாமில் இருவரின் ரகசியத்தை ஊருக்குச் சொன்ன ஆளைத் திட்டும்போது இந்தக் கௌதாரி வரும். போராளி என்ற அர்த்தம் இவற்றுக்கு எல்லாம் பிறகு வந்து ஒட்டியது.

மற்ற அடையாளங்களை ஓட்டமாகவே சொல்லிவிடலாம். உயரம், உடல்வாகு, இடை எல்லாவற்றையும் சேர்த்துத் திருநீற்றுப்பச்சிலைக் கொத்துக்கு ஒப்பிடுவார்கள், அது வீட்டு முற்றத்தில் வளர்வது, தொட்டாலே மணப்பது. பனி விலகும்போது பூக்கிற நர்கிஸ், கன்னத்து மச்சம், நெற்றியில் விழுகிற சுருள் முடி. வெளுத்த பெண்ணைப் பொன்னிறத்தாள் என்று கூப்பிடுகிற பாட்டுக்கு ஈடாகக் கறுத்தவளைக் கொண்டாடுகிற பாட்டும் இருக்கிறது. எஸ்மர், அதாவது கறுத்தவளே, என்று தொடங்குகிற பாட்டுகளை எண்ணி மாளாது. பின்னல் மட்டும் கொஞ்சம் நின்று பார்க்க வேண்டியது. ஆட்டப் பாட்டில் பின்னல் அழகு. ஆனால் கணவனோ அண்ணன் தம்பியோ செத்தால் பெண்கள் பின்னலை அறுத்து உடல் மேலோ கல்லறை மேலோ வைக்கிற வழக்கம் இருந்ததால், கிலாமில் பின்னல் என்ற சொல் கேட்டதுமே யாரோ சாகப்போகிறார்கள் என்று உள்ளே ஒரு பயம் வரும்.

சரி, பாடுவது யார்? குர்மாஞ்சியில் பெண்ணை விளிக்க 'லே', ஆணை விளிக்க 'லோ'. 'லே லே' என்று பாட்டு தொடங்கினால் ஆண் பெண்ணைக் கூப்பிடுகிறான், 'லோ லோ' என்றால் பெண் ஆணைக் கூப்பிடுகிறாள். மொழி தெரியாதவர்கூட முதல் இரண்டு நொடியில் இதைப் பிடித்துவிடலாம், பிடித்தால் ஒரு விஷயம் திகைக்க வைக்கும்: மீசை நரைத்த தெங்பேஜ் 'லோ லோ' என்று தொடங்குகிறார். அதாவது அவர் பாடுவது ஒரு பெண்ணின் வாயால். குரலைப் பெண்குரல் மாதிரி மெலிதாக்குவது எல்லாம் கிடையாது, தன் கனத்த குரலிலேயே, நான் அவனுக்காகக் காத்திருந்தேன், என் பின்னலை அறுத்தேன் என்று பாடுவார்.

இதற்கு மிகப் பெரிய எடுத்துக்காட்டு தெர்வேஷே எவ்தியின் கதை. தெர்வேஷ் யாசிதி வீரன், எதூலே மில்லான் பழங்குடிக் கூட்டமைப்புத் தலைவனின் மகள், முஸ்லிம். மதம் குறுக்கே நிற்கிறது. எதிரிப் படை வருகிறது, தலைவன் ஒரு கோப்பைக் காப்பியைச் சபையில் சுற்றிவரச் செய்கிறான்: இதைக் குடிக்கிறவன் போருக்குப் போக வேண்டும், வென்று திரும்பினால் எதூலே அவனுக்கு. கோப்பை ஒவ்வொருவராகக் கடந்து போகிறது, யாரும் தொடவில்லை, தெர்வேஷ் எடுத்துக் குடிக்கிறான். கைப்பிடி அளவு ஆட்களோடு போகிறான், குதிரையின் கால் எலி வளையில் மாட்டுகிறது, விழுகிறான். பெரிய தெங்பேஜ்கள் இதைப் பாடும்போது போரைவிட அதிக நேரம் எதூலேயின் குரலில்தான் செலவழிப்பார்கள். போக வேண்டாம் என்று தடுக்கிறவளாக, அடிபட்டுக் கிடக்கிறவனைத் தேடுகிறவளாக. இது வீரப்பாட்டா காதல் பாட்டா என்று கேட்டால் பதில் சொல்வது கஷ்டம், கேட்கிறவர்களுக்கு அந்தக் கேள்வியே வராது.

ஆண்கள் ஏன் பெண்ணாகப் பாடுகிறார்கள் என்பதற்கு ஒரு நேரான காரணம் இருக்கிறது. இந்தக் கிலாம்களில் கணிசமானவற்றைப் பெண்களே கட்டியிருக்கிறார்கள், பால் கறக்கும்போதும் நெய்யும்போதும் சாவு வீட்டிலும். ஆனால் அந்நிய ஆண்கள் முன்னால் பெண் வாய் திறந்து பாடுவது வெட்கக்கேடு என்று ஆனதால், விருந்தறையில் அதைப் பாடுகிற உரிமை ஆணுக்குப் போய்விட்டது. பாட்டு பெண்ணுடையது, பேர் பாடினவனுடையது. வெளியே வந்து பாடின பெண்கள் அதற்கு விலை கொடுத்தார்கள். 1940களில் பக்தாத் வானொலியில் பாடிய மெரியம் கானும், பிறகு துருக்கியிலிருந்து வந்த ஆய்ஷே ஷானும் ஊரையும் உறவையும் விட்டு வாழ்ந்தவர்கள். ஆய்ஷே ஷான் 1996இல் இஸ்மிரில் இறந்தார், பிறந்த தியார்பக்கிரிலிருந்து நாட்டின் மறு கோடியில். இவர்கள் குரலில் 'லோ லோ' கேட்ட பிறகு ஆண்கள் பாடின அதே வகைப் பாட்டு கொஞ்சம் நடிப்பாகத் தோன்றுவதை என்னால் தவிர்க்க முடியவில்லை. இது என் காதின் குறையாகவும் இருக்கலாம்.

காலமும் இடமும் இந்தப் பாட்டுகளில் வெறும் பின்னணி இல்லை, கதையே அதில்தான் நடக்கிறது. ஆடு வளர்க்கிற குடிகள் கோடையில் மலை மேலே ஸோஸான் என்கிற மேய்ச்சல் நிலத்துக்குப் போய், கறுப்பு ஆட்டுமயிர்க் கூடாரம் அடித்து, இலையுதிர் காலத்தில் கீழே இறங்குவார்கள். மேலே இருக்கும்போது வெவ்வேறு ஊர்க்காரர்களின் கூடாரங்கள் பக்கத்துப் பக்கத்தில். பகலில் பெண்கள் கூட்டமாகப் பாத்திரத்தோடு மந்தைக்குப் போய்ப் பால் கறப்பார்கள், அந்த இடத்துக்குப் பேரி என்று பெயர், கறக்கிறவள் பேரிவான். குர்துக் காதல் பாட்டின் நாயகிக்கு ஒரு தொழில் உண்டு என்றால் அது இதுதான். மேய்ப்பன் பிலூர் என்கிற குழல் ஊதுவான், அவள் பாத்திரத்தோடு நடந்து வருவாள், நீரூற்றில் ஒரு பார்வை. அப்புறம் குளிர் தொடங்கும், கூடாரம் பிரியும், ஆளுக்கொரு பள்ளத்தாக்கு. இந்த இறக்கத்துக்கென்றே வட இராக்கின் பஹ்தினான் பக்கம் ஒரு தனிப் பாட்டு வகை இருக்கிறது, பாயிஸோக், இலையுதிர்காலப் பாட்டு. பொருள் எப்போதும் ஒன்றுதான்: கூடாரம் இருந்த இடத்தில் இப்போது அடுப்புக் கற்கள் மட்டும் இருக்கின்றன, அடுத்த கோடைக்குள் அவளை எவனுக்காவது கட்டிவைத்துவிடுவார்கள். கிராமங்கள், மலைகள், நீரூற்றுகள் எல்லாம் பெயரோடு வரும், வரைபடத்தில் தேடிக் கண்டுபிடிக்கலாம்.

ஈரான் எல்லைப் பக்கம் ஹவ்ராமான் வேறு உலகம். செங்குத்தான சரிவில் ஒரு வீட்டுக் கூரை அடுத்த வீட்டு முற்றமாக அமைகிற ஊர்கள், 2021இல் யுனெஸ்கோ பாரம்பரியப் பட்டியலில் சேர்ந்த நிலம். அங்கே பாடுகிற வகைக்கு சியாச்சமானே என்று பெயர், கறுப்பு விழியாள் என்கிற விளிப்பே வகையின் பெயராகிவிட்டது. வாத்தியம் இல்லை. ஒவ்வொரு அடியிலும் பத்து அசை, ஐந்தும் ஐந்துமாக நடுவில் ஒரு முறிவு. ஹவ்ராமிக்கு நெருங்கிய கோரானி என்கிற இலக்கிய மொழியின் பழைய கவிதைக்கும் யாப்பு இதுவேதான், மௌலவி என்கிற 19ஆம் நூற்றாண்டுக் கவிஞரும் இதில்தான் எழுதினார். ஆனால் பாடும்போது அந்தப் பத்து அசையை நீங்கள் எண்ணவே முடியாது, தொண்டையில் வெட்டி வெட்டி, ஒரு சொல்லின் நடுவில் நிறுத்தி விம்மலைப் போட்டு, மீதியை அப்புறம் சொல்வார்கள். ஒருவர் முடிக்க இன்னொருவர் எடுப்பார். குரல் எதிர்ச் சரிவுக்குப் போய்ச் சேர வேண்டிய நிலத்தில் உண்டான பாட்டு முறை என்று கேட்டாலே தெரியும். இஸ்லாத்துக்கு முந்தைய ஜொராஸ்ட்ரிய மதக் காலத்து வழிபாட்டுப் பாட்டின் மிச்சம் இது என்று பெருமையாகச் சொல்கிறவர்கள் உண்டு, நம்புவதற்கு ஆசையாக இருக்கும், ஆதாரம் கேட்டால் நிற்காது.

இராக்கின் எர்பில் சமவெளியில் பாடுகிற ஹைரான், ஈரானின் கெர்மான்ஷா பக்கத்து ஹோரே எல்லாமே இப்படித் தாளமில்லாத தனிக்குரல் வகைகள்தான், ஒவ்வொன்றுக்கும் தனி மெருகு இருக்கிறது, இங்கே அவற்றுக்குள் போகவில்லை.

எழுதப்பட்ட கவிதை வேறு தடம். மெலாயே ஜெசீரி 16, 17ஆம் நூற்றாண்டில் குர்மாஞ்சியில் எழுதிய கஸல்களில் மது, விளக்கு, விட்டில், ரோஜா, புல்புல் எல்லாம் பாரசீக வழக்கப்படி வருகின்றன, அங்கே காதலி இறைவனும்கூட. அஹ்மதே கானி 1692இல் எழுதிய மெம், ஸீன் காவியமும் நாட்டார் கதையை எடுத்து இந்த சூஃபித் தடத்தில் ஏற்றியதுதான். இங்கே அகராதி வேலை செய்யும், ஏனென்றால் கவிஞர்களே அகராதி வைத்துத்தான் எழுதினார்கள். சிக்கல் என்னவென்றால் இந்தச் சாவியை எடுத்துக்கொண்டு போய்ப் பேரிவானின் பாட்டைத் திறக்கப் பார்ப்பது. அவள் பாடின ஆப்பிளில் இறைவன் இல்லை.

20ஆம் நூற்றாண்டில் எல்லாவற்றையும் புரட்டிப் போட்டது வானொலி. பக்தாத் வானொலியில் குர்து ஒலிபரப்பு 1939இல் தொடங்கியது, சோவியத் ஆர்மீனியாவில் யெரெவான் வானொலி 1955இல். யெரெவானில் பாடின பெரும் குரல்களில் ஒருவர் கராபெத்தே காச்சோ, ஆர்மீனியர், 1915 படுகொலையில் பெற்றோரை இழந்த அனாதை, குர்துக் கிராமங்களில் வளர்ந்து அவர்கள் கிலாம்களைத் தாய்மொழி போலக் கற்றவர். எல்லைக்கு அந்தப் பக்கம் துருக்கியில் குர்து மொழிக்கே தடை இருந்த காலத்தில், கிராமத்தில் வானொலிப் பெட்டி இருந்த ஒரே வீட்டில் ஊரே கூடி யெரெவானைக் கேட்டது. வானொலி கொடுத்ததோடு எடுத்துக்கொண்டதும் உண்டு. இரவு முழுக்க நீள்கிற கிலாமுக்கு அதில் இடமில்லை, சில நிமிடத்தில் முடிய வேண்டும், குரலுக்குப் பின்னால் குழலோ, தூதுக் என்கிற ஊதுவாத்தியமோ வைத்தார்கள்.

சோரானிப் பக்கம் இந்தச் சுருக்கத்தைத் தன் பலமாக மாற்றியவர் ஈரானின் புகான் ஊர்க்காரரான ஹசன் சீரக். எழுதப் படிக்கத் தெரியாதவர், பக்தாத், கெர்மான்ஷா, தெஹ்ரான் வானொலிகளில் பாடினார், 1972இல் ஐம்பது வயதளவில் இறந்தார், பாட்டுகளின் எண்ணிக்கை ஆயிரத்தைத் தாண்டும் என்பார்கள். ஆட்டப் பாட்டின் தாளத்தையும் திருப்பிப் பாடுகிற வரியையும் எடுத்து வயலினும், கானூன் என்கிற தந்தி வாத்தியமும் வைத்த வானொலிக் குழுவின் மேல் ஏற்றினார். அந்தத் தாளங்களில் பத்து எண்ணிக்கையில் மூன்று, இரண்டு, இரண்டு, மூன்று என்று நடக்கிற ஒன்றைத் தனியாகத் தேடிக் கேளுங்கள், நேராக நடப்பது போல் இருந்து நடுவில் ஒரு தடுமாற்றம், அந்தத் தடுமாற்றத்தில்தான் ஆட்டமே.

தாய்நாடு விஷயம் இங்கேதான் நுழைகிறது. துருக்கி 1983இல் 2932 எண் சட்டத்தைக் கொண்டுவந்து, 1991 வரை குர்து மொழியில் வெளியிடுவதையே குற்றமாக்கி வைத்திருந்தது. அந்தச் சூழலில் பாட்டு எதைப் பற்றியதாக இருந்தாலும் பாடுவதே அரசியல். ஒளித்து வைத்து மறுபதிவு செய்த கேசட்டில் வந்த சாதாரணக் காதல் பாட்டையும் கேட்கிறவர்கள் வேறு மாதிரிதான் கேட்டார்கள். அதற்கு முன்பே ஜெகர்குவின் போன்ற கவிஞர்கள் காதலியும் நாடும் ஒன்றாகிற கவிதைகளைத் தெரிந்தே எழுதினார்கள், 1976இல் துருக்கியை விட்டு ஜெர்மனிக்குப் போன ஷிவான் பெர்வெர் அவரது கவிதைகளைப் பாடி ஊர் ஊராகக் கொண்டு போனார். அங்கே காதலி குர்திஸ்தான்தான், சந்தேகமே இல்லை, பாடினவரே அப்படித்தான் நினைத்துப் பாடினார். ஆனால் அந்த அர்த்தத்தைப் பின்னோக்கி இழுத்துப் போய் எதூலே மேலும், கிழவனுக்கு வாழ்க்கைப்பட்ட பெயர் தெரியாத பெண் மேலும் போர்த்துவதில் எனக்கு உடன்பாடில்லை. அவள் அப்பாவைத் திட்டினாள், பெண் கொடுத்து வாங்கிய பணத்தைத் திட்டினாள், சித்தப்பா மகனைத் திட்டினாள். அவளை நாடாக்கிவிட்டால் இந்தத் திட்டு எல்லாம் காணாமல் போய்விடும், அப்படிப் போவது ஊர்ப் பெரிய மனிதர்களுக்கு வசதியும்கூட.

இன்றைக்கு குர்து கல்யாணங்களில் ஸுர்னாவின் இடத்தில் கால் சுரங்களையும் வாசிக்கும்படி சுருதி மாற்றிய எலக்ட்ரானிக் கீபோர்டும், சாஸ் என்கிற தந்தி வாத்தியத்தின் மின்சார வடிவமும் உட்கார்ந்திருக்கின்றன, ஒலிபெருக்கி காதைக் கிழிக்கும், பழைய ஆட்கள் முகம் சுளிப்பார்கள். ஆனால் பாடகர் அடுத்த ஆட்டத்துக்குப் போகும் முன் தாளத்தை நிறுத்தச் சொல்லிவிட்டு, கீபோர்டில் ஒரே ஒரு சுரம் மட்டும் நீண்டுகொண்டிருக்க, உச்சியில் எடுத்து ஒரு கிலாமின் நாலைந்து அடியை இறக்குவார். வரிசையில் கைகோத்து நிற்கிறவர்கள் கையை விடாமல் அப்படியே நின்று கேட்பார்கள். குரல் ஆதார சுரத்தைத் தொட்டதும் தாளம் விழும், பெரும்பாலும் வேகமான ஆட்டத் தாளம், பாட்டில் மறுபடியும் ஆப்பிள் வரும்.